கழிமுகத்தைக் காக்க எங்கே கை வைப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

மழை ஓய்ந்து தை பிறந்ததும் சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் கரையோரத்திலிருந்து ஒரே கேள்வி பல குரல்களில் வருகிறது. கல்லூரி இயற்கை மன்றம் கேட்கிறது, குடியிருப்போர் சங்கம் கேட்கிறது, மீனவர் குப்பத்து இளைஞர்களும் கேட்கிறார்கள். பக்கத்திலிருக்கும் கழிமுகம் நாறிக் கிடக்கிறது. கொஞ்சம் நிதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி வேலை செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். உவர்நீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம் நடலாமா, முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுக்கலாமா, சீமைக் கருவேலத்தை வெட்டலாமா, மேலே இருக்கும் ஏரியைச் சரிசெய்யலாமா?

நான்குமே நல்ல வேலைகளாகத்தான் தெரியும். ஆனால் இடம் பார்க்காமல் செய்தால் நான்குமே இருக்கிற சதுப்பையும் கெடுத்துவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எங்கே தடைபட்டிருக்கிறது என்று கண்டறிவதுதான் முதல் வேலை. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பது அதிலிருந்துதான் வர வேண்டும். எல்லோருக்கும் முதலில் தோன்றும் மரநடவு பெரும்பாலான இடங்களில் கடைசியாக வர வேண்டிய வேலை.

## இந்தக் கரைக்குத் தண்ணீர் வரும் வழி

வடக்கிலிருந்து பார்ப்போம். ஆரணி ஆறு பொன்னேரிப் பக்கமாக வந்து பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. கொசஸ்தலை ஆறு பூண்டியில் தேங்கி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூரில் கடலைத் தொடுகிறது. நகரத்தின் நடுவே கூவமும் அடையாறும் ஓடுகின்றன. தெற்கே சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணையில் இறங்குகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து முட்டுக்காட்டில் கடலுக்குப் போகிறது. பள்ளிக்கரணையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு மட்டும் சுமார் 250 சதுர கிலோமீட்டர்.

இந்த ஒவ்வொரு கழிமுகமும் இரண்டு தண்ணீரால் வாழ்கிறது. மேலிருந்து மழைநீர் வர வேண்டும், கீழிருந்து கடல்நீர் ஓதத்தோடு, அதாவது கடலின் அன்றாட ஏற்ற இறக்கத்தோடு, ஏறி இறங்க வேண்டும். இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வந்து உவர்நீரில் வளர்ந்து திரும்பிப் போவதும், மடவை, கொடுவா மீன்கள் கிடைப்பதும், பனிக்காலத்தில் உள்ளான் பறவைக் கூட்டம் சேற்றில் இரை தேடுவதும் இந்த இரண்டும் கலக்கும் அளவைப் பொறுத்தவை. இதில் ஒன்று நின்றால் கழிமுகம் நோய்ப்படுகிறது. எது நின்றது என்பது ஊருக்கு ஊர் மாறும்.

பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் வந்த பிறகு கொசஸ்தலையின் நன்னீரில் பெரும்பகுதி நகரத்தின் குடிநீராகிவிட்டது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. ஆகவே எண்ணூரில் மேலிருந்து வரும் தண்ணீர் குறைவு. பள்ளிக்கரணையில் இதற்கு நேர் எதிரான நிலை. முன்பு கோடையில் காய்ந்து கிடந்த சதுப்புக்கு இப்போது ஆண்டு முழுவதும் கழிவுநீர் வந்துகொண்டிருக்கிறது. கடலுக்குப் போகும் வழியோ குறுகிவிட்டது.

## எதைக் கொண்டு எடை போடுவது?

ஐந்து கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். இந்த வேலை தண்ணீரின் போக்கைத் திருத்துகிறதா, அல்லது மேற்பூச்சா? எத்தனை ஆண்டுகள் நிலைக்கும், பராமரிப்பை யார் ஏற்பார்கள்? அந்த இடத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு என்ன ஆகும்? யாருடைய அனுமதி வேண்டும்? தவறாகிப் போனால் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா?

கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. எனக்கு அதுவே மிக முக்கியமானது. சேற்றுவெளியை ஒருமுறை மேடாக்கிவிட்டால் அதை மீண்டும் சேற்றுவெளியாக்க யாராலும் எளிதில் முடியாது.

## அலையாத்தி நடவு

புகைப்படத்துக்கு அழகானது, நிதி கொடுப்பவர்களுக்குப் பிடித்தது, கணக்குக் காட்ட எளிதானது. இத்தனை கன்று நட்டோம் என்று எழுதிவிடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு பிச்சாவரத்தைச் சுட்டிக்காட்டி, அலையாத்தி இருந்தால் கரை தப்பும் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பிச்சாவரத்தில் சிதைந்த காடு எப்படி மீட்கப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கிய மொத்த வெட்டு முறையில் அங்கே மரங்களைப் பகுதி பகுதியாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து அமுங்கியது, நிலத்தின் நடுப்பகுதி பள்ளமானது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேற முடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்புக் கரித்தது. அந்த உப்பில் விதை முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் கிராம மக்களோடும் சேர்ந்து 1990-களில் கையாண்ட முறை கன்றில் தொடங்கவில்லை, மண்வெட்டியில் தொடங்கியது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் என்று மீன்முள் போல வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழி செய்தார்கள். அதன் பிறகுதான் வாய்க்கால் சரிவுகளில் வெண்கண்டல் கன்றுகள் ஊன்றப்பட்டன. முத்துப்பேட்டையிலும் இந்த முறை பின்பற்றப்பட்டது.

சென்னைக் கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஓதம் சுமார் ஒரு மீட்டர்தான் ஏறி இறங்கும். அந்த ஒரு மீட்டருக்குள் அலையாத்திக்கு உகந்த மட்டம் ஒரு குறுகிய பட்டைதான். ஒரு சாண் தாழ்ந்தால் கன்று மூழ்கி அழுகும், ஒரு சாண் உயர்ந்தால் காய்ந்து போகும். மட்டம் பார்க்காமல் வரிசையாக நடுகிற கன்றுகள் இதனால்தான் சாகின்றன.

மறைந்திருக்கும் செலவு: வாய்க்கால்கள் வண்டலால் தூர்ந்துகொண்டே இருக்கும், தூரெடுக்கக் கூலி வேண்டும். மாடு மேயாமல் காவல் வேண்டும். இளங்கன்றில் பிளாஸ்டிக் சிக்கும், தண்டில் ஓட்டுயிரிகள் ஒட்டி நெரிக்கும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு இதற்கெல்லாம் பணம் ஒதுக்காத திட்டத்தை ஏற்காதீர்கள். பணத்தில் சேராத செலவு இதைவிடப் பெரியது. வெறும் சேறாகத் தெரியும் இடத்தில் நட்டுவிட்டால் உள்ளான், கோட்டான், பவளக்காலி போன்ற கரைப்பறவைகள் இரை தேடும் வெளி போய்விடும். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இருளர் பெண்கள் பறி என்னும் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவிப் பிடிப்பதும் அந்தச் சேற்றில்தான். உமரிச் செடி படர்ந்த உப்பு நிலமும் தனக்கென ஓர் உயிர்ச்சூழல் உள்ள இடம். அதை வெற்றுத் தரை என்று எண்ணி நடுவது அழிவு வேலை.

எப்போது இதைத் தேர்ந்தெடுக்கலாம்: முன்பு அலையாத்தி இருந்ததற்குச் சான்று உள்ள இடம், ஓதம் தினமும் வந்து போகிற இடம், அருகில் தாய் மரங்கள் இல்லாததால் விதை வந்து சேராத இடம். தாய் மரங்கள் இருந்தால் வாய்க்காலை மட்டும் திறந்துவிட்டு ஓரிரு பருவம் பொறுத்திருங்கள். விதை தானாக வந்து ஒதுங்கும். அப்படி முளைத்த கன்று தனக்கேற்ற மட்டத்தில்தான் நிற்கும்.

## முகத்துவாரத்தைத் தூர்வாருதல்

கோடையில் அடையாற்றின் வாயும் முட்டுக்காட்டின் வாயும் மணலால் அடைபடுவது பலருக்குத் தெரியும். தென்மேற்குக் காற்று மாதங்களில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளுகிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திருப்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கியே அதிகம். ஆற்றில் வரத்து குறைந்ததும் அலை போடும் மணலைத் தள்ளிவிட வெளியே பாயும் நீருக்கு வலு இருப்பதில்லை. வாய் மூடுகிறது.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. ஏரியின் ஆழம் பெரும்பாலும் இடுப்பளவுதான். முகத்துவாரம் அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, கோடை வெயிலில் ஏரி கடலைவிட உப்பாகிவிடும், படகுகள் கடலுக்குப் போக முடியாது. பரம்பரையாகப் பாடு முறையில் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஊர்கள் அவை. தண்ணீர் கெட்டால் அந்த முறையே ஆட்டம் காண்கிறது. நிரந்தர முகத்துவாரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராடியதில் முழு நியாயம் இருக்கிறது.

ஆனாலும் ஒரு மன்றமோ சங்கமோ தன் முதல் வேலையாக எடுத்துக்கொள்ள இது ஏற்றதல்ல. பொக்லைன் வைத்து அள்ளிய மணல் அடுத்த பருவத்தில் திரும்ப வந்துவிடும். வராமல் தடுக்கக் கல்சுவர் கட்டினால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் கரையைத் தின்னும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் இந்தக் கணக்குத்தான். ஒரு குப்பத்தின் வாயைத் திறக்க அடுத்த குப்பத்தின் வீடுகளைக் கடலுக்குக் கொடுக்கும் நிலை வரலாம். அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது என்பதும் பெரிய கேள்வி. பக்கத்துச் சேற்றுவெளியில் கொட்டிக் கரை கட்டிவிடுவார்கள், அந்த வெளி செத்துப்போகும். எண்ணூர் போல அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களில் கிளறுவதற்கு முன் மண்ணைச் சோதித்தாக வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்கீழ் அனுமதியும் நீர்வளத்துறையின் பொறியியலும் இல்லாமல் இதில் கை வைக்க முடியாது.

எப்போது இது சரி: மீன் செத்து மிதக்கிறது, ஏரிநீரின் உப்பு கடல்நீரின் அளவைத் தாண்டிவிட்டது, மீனவர் பஞ்சாயத்துகள் ஒரே குரலில் கேட்கின்றன. அப்போது தற்காலிகமாக ஒரு வழி வெட்டுவது உயிர் காக்கும். அங்கே வெளியிலிருந்து வரும் குழு செய்யத்தக்கது, உப்பளவையும் நீர்மட்டத்தையும் மாதாமாதம் குறித்து மீனவர்களின் கோரிக்கைக்கு ஆதாரமாகக் கொடுப்பது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். இந்த ஒரு எண்ணோடு ஒப்பிட்டாலே நிலைமை புரிந்துவிடும்.

## சீமைக் கருவேலத்தை அகற்றுதல்

இதில் சுருக்கமாகச் சொல்லலாம். ஓடைக்குள்ளும் ஏரிக்குள்ளும் மண்டிக் கிடக்கும் கருவேலம் நீரோட்டத்தைத் தடுக்கிறது. அதை எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து இரட்டிப்பாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலும் மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடு இருக்கும், நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் மேலும் பரப்பும். எடுத்த இடத்தில் உடனே வேறு செடி வர வேண்டும். கடலோர மணலில் அடும்பும் இராவணன் மீசையும், ஏரிக்கரையில் பனையும் நீர்க்கடம்பும் ஏற்றவை.

மறைந்த செலவு இரண்டு. அதை விறகாகவும் கரியாகவும் விற்றுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு மாற்று என்ன என்று கேட்க வேண்டும். வேறு மரம் இல்லாத ஏரிகளில் கொக்கும் நாரையும் அதன்மேல்தான் கூடு கட்டியிருக்கும், கூடு கட்டும் காலத்தில் தொடக்கூடாது. நீரோட்டப் பாதைக்குள் நிற்பவற்றை முதலில் எடுப்பதே பொருத்தமான அளவு. மேட்டில் நிற்பவை காத்திருக்கலாம்.

## மேலே உள்ள ஏரியும் வாய்க்காலும்

கண்ணுக்குப் பகட்டாகத் தெரியாத வேலை இது. ஆனால் பெரும்பாலான குழுக்களுக்கு நான் இதையே சொல்கிறேன்.

ஏரியைச் சரிசெய்வது என்றதும் எல்லோரும் ஆழப்படுத்துவதையே நினைக்கிறார்கள். உண்மையில் ஏரியின் நோய் பெரும்பாலும் அதன் விளிம்புகளில் இருக்கிறது. வரத்துக்கால்வாய் எங்கோ ஒரு மனைப்பிரிவின் சாலைக்கடியில் புதைந்திருக்கும். ஏரி நிரம்பினால் நீர் வெளியேறும் கலங்கலில் வழியும் உபரிநீர் அடுத்த ஏரிக்குப் போக வேண்டிய ஓடையில் யாரோ மண் கொட்டியிருப்பார்கள். மதகின் அடைப்பான் துருப்பிடித்து நிற்கும். இவற்றைச் சரிசெய்தால் பெருமழையில் தண்ணீர் படிப்படியாக இறங்கும், சதுப்புக்கு ஒரேயடியாகப் பாயாமல் வாரக்கணக்கில் ஊறி வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை மூழ்கியதற்கு இந்த இணைப்புகள் அறுபட்டதும் ஒரு காரணம்.

கூடவே ஒரு எச்சரிக்கை. ஏரியை ஆழமாக்கிக் கலங்கலை உயர்த்தி, ஒரு சொட்டும் கீழே விடமாட்டோம் என்று பெருமைப்படும் ஊர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கழிமுகத்துக்கு நன்னீர் போகாது. கடலில் கலக்கும் தண்ணீர் வீண் என்ற எண்ணம் கரையோர மீனவருக்கு எதிரானது. அந்த நன்னீரும் அது சுமந்து வரும் வண்டலும்தான் இறாலையும் சேற்றையும் உண்டாக்குகின்றன.

செலவைப் பொறுத்தவரை இது நடுத்தரம். வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் அனுமதி பெற்று இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி செய்திருக்கிறது. ஆழப்படுத்தும் செலவில் ஒரு பங்கு அதிலேயே குறையும். அனுமதிக்கு யாரிடம் போவது என்பதும் தெளிவு. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவான ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டது நீர்வளத்துறையின் பொறுப்பு. மறைந்த செலவு ஆக்கிரமிப்பில் இருக்கிறது. வரத்துக்கால்வாயைத் திறக்கப் போனால் யாரோ ஒருவரின் சுற்றுச்சுவரில் முட்டுவீர்கள். அது பெரிய கட்டடமாக இருந்தால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், குடிசையாக இருந்தால் மறுநாளே இடிக்கப்படும். இந்த அநீதிக்கு உங்கள் குழு கருவியாகக் கூடாது. இன்னொன்று, கழிவுநீர் கலக்கும் குழாயை நிறுத்தாமல் இணைப்பை மட்டும் சீர்செய்தால் சாக்கடையைச் சதுப்புக்கு விரைவாக அனுப்பிவைத்ததாகவே முடியும். பள்ளிக்கரணையில் சம்பு என்னும் கோரைப்புல் மண்டுவதற்கு இந்தக் கழிவுநீர் ஒரு முக்கியக் காரணம்.

## ஒரே பார்வையில்

| | அலையாத்தி நடவு | முகத்துவாரம் | கருவேலம் அகற்றல் | ஏரி, வாய்க்கால் |
|---|---|---|---|---|
| தண்ணீர்ப் போக்கைத் திருத்துமா? | வாய்க்கால் வெட்டினால் மட்டும் | ஆம், சில மாதங்களுக்கு | ஓடைக்குள் என்றால் ஓரளவு | ஆம் |
| நிலைக்கும் காலம் | மட்டம் சரியானால் நீண்ட காலம் | ஒரு பருவம் | தொடர்ந்து பிடுங்கும்வரை | பல ஆண்டுகள், பராமரித்தால் |
| பெரிய மறைசெலவு | வாய்க்கால் தூர், சேற்றுவெளி இழப்பு | பக்கத்து ஊரின் கரை அரிப்பு | மறுதுளிர்ப்பு, விறகுப் பிழைப்பு | ஆக்கிரமிப்பு, கழிவுநீர் |
| அனுமதி | வனத்துறை, கடலோர விதிகள் | நீர்வளத்துறை, கடலோர விதிகள் | ஊராட்சி அல்லது நீர்வளத்துறை | ஒன்றியம் அல்லது நீர்வளத்துறை |
| தவறினால் திரும்ப முடியுமா? | கடினம் | கல்சுவர் கட்டினால் முடியாது | பெரும்பாலும் முடியும் | முடியும் |

## கேட்கப்படாத ஐந்தாவது வழி

நன்றாக இருக்கும் இடத்தைக் கெடாமல் பார்த்துக்கொள்வது. இதற்குப் பணம் அதிகம் வேண்டாம், பொறுமை வேண்டும். கிராம வரைபடத்தையும் நில விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் எடுத்து, உங்கள் சதுப்பின் ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தரிசு என்று பதிவானதால்தான் பள்ளிக்கரணையின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடமாகவும் போயிற்று. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டதும், 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும், பறவைகளை எண்ணியும் வரைபடம் வரைந்தும் வழக்கு நடத்தியும் மக்கள் விடாமல் சேர்த்த ஆதாரங்களின் பலன். உங்கள் பக்கத்துச் சிறு ஓடைக்கு ராம்சர் வராமல் போகலாம். அது கடலோர ஒழுங்குமுறை வரைபடத்தில் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, விடுபட்டிருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவது எந்த நடவையும்விடப் பெரிய காப்பு.

## எந்த ஊருக்கு எது?

தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துக் குழுவென்றால் ஏரி இணைப்புதான். உங்கள் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை நடந்து பாருங்கள். தடைபட்ட இடம் அந்த நடையில் தெரிந்துவிடும். மாசியில் தொடங்கினால் ஆவணிக்குள் முடிக்கலாம். ஐப்பசி மழைக்குமுன் தோண்டிய மண் கரையில் இறுகியிருக்க வேண்டும்.

அடையாறு, கூவம் ஓரத்தவர்கள் அடையாறு பூங்காவைச் சென்று பார்க்கலாம். கட்டட இடிபாடும் குப்பையும் மூடிய 58 ஏக்கர் கழிமுகத்தைத் தோண்டி, நீர்ப்பரப்பை மீட்டு, பிறகே செடி வைத்தார்கள். 2011-இல் அது திறக்கப்பட்டது. ஒரு மாநில அரசின் நிதி பின்னால் இருந்ததால் முடிந்த வேலை. ஒரு சங்கம் அதைப் பார்த்து அதே அளவில் திட்டமிட வேண்டாம், வேலையின் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

எண்ணூர், காட்டுப்பள்ளி, மீஞ்சூர் பக்கம் நடவும் வேண்டாம், தோண்டலும் வேண்டாம். சாம்பலும், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு வந்து படிந்த எண்ணெயும் கண்ட மண் அது. அங்கே ஐந்தாவது வழிதான் முதல் வழி. நீரையும் மண்ணையும் சோதித்து, மீனவரோடும் இருளரோடும் சேர்ந்து ஆவணப்படுத்துங்கள்.

பழவேற்காட்டுக்குப் போகும் வெளியூர்க் குழுக்கள் முதலில் மீனவர் பஞ்சாயத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். எந்தச் சேற்றில் எந்த மாதம் யார் பிடிக்கிறார்கள் என்பது அங்கே தெரியும். அந்தக் கணக்கைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் ஒரு கன்றும் ஊன்றாதீர்கள்.

முட்டுக்காடு, கோவளம் பக்கம் இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்யலாம். பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து சேரும் ஓடைகளுக்குள் நிற்கும் கருவேலத்தை வேரோடு எடுப்பது ஒன்று. முகத்துவாரம் எந்த வாரம் மூடியது, எந்த மழையில் திறந்தது என்று ஓராண்டு முழுவதும் பதிவு செய்வது மற்றொன்று. அந்தப் பதிவு கைக்கு வந்த பிறகு நடவைப் பற்றிப் பேசலாம்.